வீட்டு நாய்க்கு எந்த ஊசி அவசியம்?

"அப்பா! ஒரே ஒரு நாய்க்குட்டி!"

பிள்ளைகள் இப்படிக் கெஞ்சத் தொடங்கினால் எந்தத் தகப்பனாலும் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப் பிடிக்க முடியாது. தாராவியில் லைன் வீடானாலும், ஆண்டாப் ஹில்லில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் ஆனாலும், டோம்பிவிலியில் கடன் போட்டு வாங்கிய சிறிய பிளாட் ஆனாலும் முடிவு ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அட்டைப் பெட்டிக்குள் இருந்தபடி ஒரு குட்டி வீட்டுக்குள் வந்து விடுகிறது.

சோறும் பாலும் ஊற்றினால் வளர்ந்து விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஊரில் அப்படித்தானே வளர்ந்தது!

பத்து நாள் கழித்து, குட்டியைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக் கொண்டு போகும்போதுதான் கணக்கு தெரிகிறது. டாக்டர் சிறு புத்தகம் ஒன்றை எடுத்து வரிசையாகத் தேதி போட்டுக் கொடுக்கிறார். ஏழு நோய் ஊசி, ஒன்பது நோய் ஊசி, இருமல் ஊசி, கொரோனா ஊசி, ரேபீஸ் ஊசி... ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை!

வாடகை, ரெயில் பாஸ், பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுகிற சம்பளத்தில் இத்தனை ஊசிக்கு எங்கே போவது? சிலர் கைமாற்று வாங்கி எல்லாவற்றையும் போட்டு விடுகிறார்கள். பலர், "நாய்க்கு எதற்கையா இவ்வளவு செலவு?" என்று ஒன்றுமே போடாமல் இருந்து விடுகிறார்கள்.

உண்மையில் இந்த ஊசிகள் எல்லாம் ஒரே தரத்தைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றைக் கட்டாயம் போட வேண்டும். சிலவற்றை இருக்கும் இடத்தைப் பொறுத்துப் போட வேண்டும். சிலவற்றைப் போடாவிட்டால் நாய்க்கும் நஷ்டமில்லை, மனிதருக்கும் நஷ்டமில்லை.

விடக் கூடாத ஊசி

முதலாவது ரேபீஸ் ஊசி. அதாவது வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பு ஊசி.

மற்ற ஊசிகள் பெரும்பாலும் நாயைக் காப்பாற்றுகின்றன. இந்த ஊசி வீட்டில் உள்ளவர்களைக் காப்பாற்றுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் கூறும் மதிப்பீடு. இதில் பெரும் பங்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. மனிதருக்கு வரும் ரேபீஸ் நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது நாயால் வருவது. நோயுள்ள மிருகத்திடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

நாயோடு விளையாடுகிறவர்கள் பிள்ளைகள்தானே! கை விரலைக் கவ்வ விடுவார்கள். முகத்தை நக்க விடுவார்கள். லேசாகப் பல் பட்டால், அம்மா திட்டுவாள் என்று சொல்லாமலே மறைத்து விடுவார்கள். நோயின் அறிகுறி தோன்றச் சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். சில வேளை ஒரு வாரத்திலும் தோன்றும். ஒரு வருஷமும் ஆகலாம். தண்ணீரைக் கண்டு பயப்படும் நிலைமை வந்து விட்டால், அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது.

வயதான தமிழர்களுக்கு நாய்க்கடி என்றாலே குன்னூர் நினைவுக்கு வரும். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர், 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தமது மருந்தை முதன் முதலாகச் செலுத்தினார். சிறுவன் பிழைத்தான். அந்த மருந்து இந்தியாவுக்கு வந்த காலத்தில், தென்னாட்டில் நாய் கடித்தவர்கள் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசவுலிக்குப் போக வேண்டியிருந்தது. 1907-ல் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆட்டு மூளையிலிருந்து தயாரான அந்தப் பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் வரை குத்துவார்கள். அந்த ஊசிக்குப் பயந்தே கடிபட்டதை மறைத்தவர்கள் உண்டு. இந்தியாவில் அந்த மருந்து 2005-ம் ஆண்டு வாக்கில் அடியோடு கைவிடப்பட்டு விட்டது. இப்போது கையில்தான் ஊசி. அதுவும் நான்கைந்து தடவைதான். காயம் பெரிதானால் அதைச் சுற்றித் தனியாக ஒரு மருந்தும் செலுத்துகிறார்கள். மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசு இல்லை.

நாய் கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, முதல் வேலை குழாயடிக்குப் போவது. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. பிறகு உடனே ஆஸ்பத்திரி. "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது" என்று சொல்லி வீட்டிலேயே உட்கார்ந்து விடக் கூடாது. ஊசிப் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டினால், என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வார். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப் போட்டுப் பார்த்து வர வேண்டும்.

நாய்க்கு இந்த ஊசி மூன்று மாதம் முடிந்ததும் போட வேண்டும். ஒரு மாதத்தில் இரண்டாவது ஊசி போடுவதும் நோய் உள்ள இடங்களில் நல்லது. பிறகு ஒரு வருஷத்தில் ஒன்று. அதன் பிறகு மருந்தின் சீட்டில் உள்ளபடி. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு முறை போடுவதே வழக்கம். அதை மாற்ற வேண்டாம்.

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குட்டிதானே, அதற்கு எங்கே வெறி பிடிக்கப் போகிறது என்று நினைப்பது தவறு. மூன்று மாதம் நிறையாத குட்டியிடமும் இந்த நோய் இருக்க முடியும். அப்படிப்பட்ட குட்டிக்கு டாக்டரைக் கேட்டு முன்னதாகவே ஊசி போடலாம். மூன்று மாதம் ஆனதும் மறுபடியும் ஒன்று போட்டு விட வேண்டும்.

எல்லா ஊசிகளிலும் விலை குறைந்தது இதுதான் என்பது ஒரு நல்ல செய்தி. கையில் ஓர் ஊசிக்குத்தான் பணம் இருக்கிறது, குட்டிக்கு மூன்று மாதம் ஆகி விட்டது என்றால், யோசிக்கவே வேண்டாம். ரேபீஸ் ஊசிதான்.

கூட்டு ஊசி

அடுத்தது, பல நோய்களுக்கு ஒரே புட்டியில் வரும் கூட்டு ஊசி. இதில் டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் ஆகிய மூன்றும் முக்கியமானவை. எந்த நாடானாலும், எந்த ஜாதி நாயானாலும் இந்த மூன்றுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது கால்நடை நிபுணர்களின் ஒருமித்த கருத்து.

பார்வோ பழைய நோய் அல்ல. 1978-ம் ஆண்டில்தான் உலகம் இதை அறிந்து கொண்டது. இரண்டே வருஷத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. குட்டி நேற்று வரை துள்ளி விளையாடியிருக்கும். இன்று வாந்தி எடுக்கும். நாளை இரத்தமாகப் பேதியாகும். அதன் பிறகு நாள் கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அந்தச் செலவில் பல ஊசிகள் போட்டிருக்கலாம். அப்படியும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தக் கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். சோப்புத் தண்ணீருக்கு அசையாது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். செருப்பில் ஒட்டிக் கொண்டும் வீட்டுக்குள் வரும். ஆகவே, "எங்கள் நாய் வெளியே போவதே இல்லை" என்ற சமாதானம் இங்கே எடுபடாது. ஒரு குட்டி பார்வோவில் இறந்த வீட்டுக்கு, பிள்ளைகள் அழுகிறார்களே என்று மறு வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வருவதும் கொடுமை.

டிஸ்டெம்பர் எப்படிப்பட்ட நோய் என்பதற்குக் குஜராத்தில் நடந்ததே சாட்சி. 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கீர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து மடிந்தன. சோதித்துப் பார்த்தபோது பல சிங்கங்களின் உடலில் இருந்தது இந்த நாய் நோயின் வைரஸ்! அமெரிக்காவிலிருந்து தடுப்பு மருந்தை வரவழைத்துச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். காட்டு ராஜாவுக்கே அந்தக் கதி என்றால், அட்டைப் பெட்டியில் வந்த குட்டி எந்த மூலைக்கு?

"நாட்டு நாய்க்கு ஊசி எதற்கு? ராஜபாளையம் நாய்க்கு நோய் அண்டாது" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஊரில் ஒரு ஈற்றில் ஆறு குட்டி பிறந்து எத்தனை மிஞ்சியது என்று அவர்களையே கேட்டால் பதில் கிடைக்கும்.

கடைசி ஊசியே முக்கியம்

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி. மூன்று நான்கு வாரத்தில் இரண்டாவது. இந்த இரண்டோடு பலர் நிறுத்தி விடுகிறார்கள். மூன்றாவதற்கு டாக்டர் வரச் சொன்ன தேதி மாதக் கடைசியில் வரும். அல்லது ஓவர்டைம் இருக்கும். "இரண்டு போட்டாயிற்று, போதும்" என்று விட்டு விடுகிறார்கள். பிறகு குட்டி பார்வோ வந்து செத்தால், "ஊசி போட்டும் செத்து விட்டது, எல்லாம் ஏமாற்று" என்று பேசுகிறார்கள்.

ஏமாற்று அல்ல. குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது குட்டியைச் சில வாரம் காப்பாற்றுகிறது. ஆனால் அதே சக்தி, ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அழித்து விடுகிறது. அது எப்போது உடலை விட்டு நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒன்றுக்கு எட்டு வாரத்தில் நீங்கும். இன்னொன்றுக்குப் பதினான்கு வாரம் வரை இருக்கும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் இரண்டு மூன்று முறை போடுகிறார்கள். 16 வாரம் நிறைந்த பிறகு போடுகிற ஊசி எதுவோ, அதுவே பெரும்பாலும் பிடிக்கிறது.

எனவே, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை ஊசி?" என்பது அல்ல. "கடைசி ஊசி நான்கு மாதம் தாண்டிப் போடுகிறீர்களா?" என்பதுதான்.

குட்டியைப் பிந்தி வாங்கியவர்களுக்குச் செலவு குறைவு. நான்கு மாதம் தாண்டிய நாய்க்கு இந்த வைரஸ் நோய்களுக்குப் பொதுவாக ஒரே ஊசியில் பாதுகாப்பு வந்து விடும். மூன்று போட வேண்டிய அவசியம் இல்லை.

மழையும் எலியும்

மும்பைத் தமிழருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டிய நோய் ஒன்று இருக்கிறது. அது எலிக்காய்ச்சல். டாக்டர்கள் லெப்டோ என்று சொல்வார்கள்.

2005 ஜூலை 26-ந் தேதியை இந்த நகரத்தில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை! தண்ணீர் வடிந்த சில வாரங்களில் எலிக்காய்ச்சல் ஆஸ்பத்திரிகளை நிறைத்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காலில் இருந்த சிறு காயம் வழியாகக் கிருமி ஏறியது. இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளத்தில் நடந்தவர்கள் டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிடும்படி மாநகராட்சி எச்சரிக்கிறது.

மனிதனுக்குச் செருப்பாவது இருக்கிறது. நாய் அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கிறது. அதைக் குடிக்கவும் செய்கிறது. நோய் கண்ட நாயின் சிறுநீரிலும் கிருமி வெளியேறும். பத்துக்குப் பத்து அறையில் நாயும் பிள்ளைகளும் ஒரே தரையில் படுக்கும்போது இது சாதாரண விஷயம் அல்ல.

வறண்ட ஊர்களில் இந்த ஊசியைப் பற்றி யோசிக்கலாம். மும்பையில் யோசிக்க வேண்டியதில்லை. போட்டு விட வேண்டும். முதலில் மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு. பிறகு ஆண்டுக்கு ஒன்று. மழை ஜூனில் தொடங்குகிறது என்பதால் ஏப்ரல், மே மாதத்தில் போட்டு விடுவது புத்திசாலித்தனம். பெரும்பாலான கூட்டு ஊசிகளில் இது சேர்ந்தே வருகிறது. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். சில புட்டிகளில் இருப்பதில்லை.

விட்டு விடக் கூடியவை

ஒன்பது நோய் ஊசி, ஏழு நோய் ஊசியை விட உயர்ந்தது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. இது சேலைக் கடை வியாபாரம் போன்றது. ஒரே எலிக்காய்ச்சலில் உள்ள இரண்டு மூன்று வகைக் கிருமிகளைத் தனித்தனியாக எண்ணினாலே கணக்குக் கூடி விடும். எண்ணிக்கையைப் பார்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நாய்க்கான கொரோனா ஊசி தேவையில்லை. இது 2020-ல் உலகத்தை ஆட்டி வைத்த கொரோனா அல்ல. வேறு கிருமி. நாய்க்கு வரும் லேசான வயிற்றுப் போக்குக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். மே மாத விடுமுறையில் கொரோனா என்ற பேரைக் கேட்டே பயந்து பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பிராணிகளுக்கான உலகக் கால்நடை டாக்டர்கள் சங்கம் 2024-ல் திருத்தி வெளியிட்ட நெறிமுறையும் இந்த ஊசியைச் சிபாரிசு செய்யவில்லை.

கென்னல் இருமல் ஊசி, பல நாய்கள் ஒன்றாக அடைபடும் இடத்துக்குப் போகிற நாய்க்குத்தான். ஊருக்குப் போகும்போது நாயைப் பணம் கட்டி விடுதியில் விடுகிறவர்கள் போட்டுக் கொள்ளலாம். பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

ஆண்டுதோறும் எல்லாமா?

குட்டிப் பருவத்து ஊசிகள் ஒழுங்காக முடிந்து, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ மேலும் ஒன்று போட்டு விட்டால், டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் நோய் ஆகிய மூன்றுக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஊசி தேவையில்லை. மேற்சொன்ன உலக நெறிமுறை இதையே கூறுகிறது.

அப்படியானால் டாக்டர்கள் ஏன் வருஷா வருஷம் கூட்டு ஊசி போடுகிறார்கள்? எல்லோரையும் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்லி விட முடியாது. எலிக்காய்ச்சல் மருந்து ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. அது பெரும்பாலும் கூட்டு மருந்தோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றுக்காக எல்லாவற்றையும் போட வேண்டியதாகிறது. இதனால் நாய்க்குப் பெரிய கெடுதல் இல்லை. செலவுதான்.

"லெப்டோ மட்டும் தனியாகக் கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கிடைத்தால் அதுவும் ரேபீசும் ஆண்டுக்கு ஒன்று. கூட்டு ஊசி மூன்று வருஷத்துக்கு ஒன்று. குமாஸ்தா சம்பளத்துக்குள் அடங்கி விடும்.

சட்டைப் பையில் மருந்து

செலவைக் குறைக்க இன்னொரு வழியைச் சிலர் கையாளுகிறார்கள். கடையில் மருந்தை வாங்கி, தெரிந்த கம்பவுண்டரை விட்டுப் போட்டுக் கொள்கிறார்கள். இது வீண் வேலை.

இந்த மருந்துகள் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையே குளிரில் இருக்க வேண்டும். தாதரில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு, ஆறு மணி லோக்கலில் நசுங்கியபடி டோம்பிவிலி போய்ச் சேருவதற்குள் கூட்டு மருந்தில் உள்ள உயிர்க் கிருமி செத்து விடக் கூடும். பயந்து போய் ஐஸ் பெட்டிக்குள் உறைய வைத்தால் ரேபீஸ் மருந்து கெட்டு விடும். பார்ப்பதற்கு இரண்டும் நல்ல மருந்து போலவே இருக்கும்.

டாக்டரிடம் போடும்போதும், குளிர்ப் பெட்டியிலிருந்து எடுக்கிறாரா என்று பார்க்கலாம். புட்டியில் உள்ள சீட்டைக் கிழித்துப் புத்தகத்தில் ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டில்தான் மருந்தின் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. காய்ச்சல், பேதி உள்ள குட்டிக்கு அன்று ஊசி போடக் கூடாது. பூச்சி மருந்தை முன்னதாகக் கொடுத்து விடுவது நல்லது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அபூர்வமாகச் சில நாய்களுக்கு முகம் வீங்கும், வாந்தி வரும். டாக்டர் பக்கத்தில் இருந்தால் உடனே மாற்று மருந்து கொடுத்து விடுவார்.

தனியார் கிளினிக்கின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்குப் பரேலில் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. 1886-ல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியும் அங்கேதான். டாக்டரிடம் மராத்தியோ இந்தியோ சரளமாகப் பேச வராதவர்கள் தயங்க வேண்டாம். ரேபீஸ், பார்வோ, லெப்டோ என்ற மூன்று பேரையும் நாயின் வயதையும் சொன்னால் போதும்.

உரிமமும் ரெயிலும்

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். ரேபீஸ் ஊசி போட்ட அத்தாட்சி அதற்குத் தேவை. மாடியில் குடியிருப்பவரோ சொசைட்டி செயலாளரோ நாயைப் பற்றித் தகராறு செய்தால், முதலில் கேட்பதும் இந்தக் காகிதத்தைத்தான்.

மே மாதத்தில் நாயையும் ஊருக்கு அழைத்துப் போகிற குடும்பங்கள் உண்டு. ரெயிலில் முதல் வகுப்பில் தனி அறை கிடைத்தால் கூடவே வைத்துக் கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். எப்படியானாலும் ஊசிச் சான்று வேண்டும். ரேபீஸ் ஊசி போட்ட மறுநாளே பலன் தருவதில்லை. எதிர்ப்புச் சக்தி ஊறச் சில வாரம் ஆகும். டிக்கெட் முன்பதிவு செய்கிற அன்றே ஊசிப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்து, தேதி தவறியிருந்தால் போட்டு விடலாம்.

பக்கத்தில் உள்ள கோவாவில் தெரு நாய், வீட்டு நாய் என்று பாராமல் வீதி வீதியாகப் போய் ஆண்டுதோறும் ஊசி போட்டார்கள். 2021-ல் அது ரேபீஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டிருந்தாலே நோய் பரவும் சங்கிலி அறுந்து விடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லைன் வீட்டின் வாசலில் படுத்துக் கிடக்கும், எல்லோரும் சோறு போடுகிற, யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பழுப்பு நாய்க்கும் பத்து வீட்டார் சேர்ந்து ஓர் ஊசி போடலாம்.

அதற்கும் வசதி இல்லையென்றால் செப்டம்பர் 28-ந் தேதியைக் குறித்து வைத்துக் கொள்ளலாம். பாஸ்டர் மறைந்த நாள் அது. உலக ரேபீஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த நாளை ஒட்டிப் பல இடங்களில் கால்நடைத் துறையாரும் தொண்டு நிறுவனங்களும் முகாம் நடத்தி, நாய்களுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். காலையிலேயே போய் விட்டால் கூட்டம் குறைவாக இருக்கும். கழுத்துப் பட்டை, கயிறு, ஊசிப் புத்தகம் மூன்றையும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.